எந்தக் காரைப் பிரித்துப் பார்ப்பது?

திருநின்றவூரிலிருந்து நேர் தெற்கே ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. கார்த் தொழிற்சாலையால் இன்று அந்தப் பெயரைப் பலரும் அறிவர். ஆனால் தொழிற்சாலை வருவதற்கு முன்பே, 1990ஆம் ஆண்டு முதல், அங்கே ஒரு பந்தயத் திடல் இயங்கி வருகிறது. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அமைத்த அத்திடலின் ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் போன்றோர் பழகிய திடல் அது.

அங்கோ வேறெங்கோ ஒரு பந்தயத்தைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டமிட்ட கொடி வீசப்படுகிறது. ஒரு கார் முதலில் கோட்டைத் தாண்டுகிறது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, கோப்பை கைமாறுகிறது, நாமும் வீடு திரும்புகிறோம். ஆனால் விதிப்படி அப்போது யாரும் வெற்றி பெற்றுவிடவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாளில் ‘தற்காலிக முடிவு’ என்றே இருக்கும். ஓடி முடித்த கார்கள் பூட்டிய வளாகம் ஒன்றுக்குள் கொண்டு செல்லப்படும். அணியைச் சேர்ந்த மெக்கானிக்கூட அங்கே தன் காரைத் தொடக் கூடாது. பிரெஞ்சு மொழியில் ‘பார்க் ஃபெர்மே’ என்று அதற்குப் பெயர். 2013ஆம் ஆண்டு தில்லிக்கு அருகே நடந்த இந்திய கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்ற செபாஸ்டியன் வெட்டல், உற்சாக மிகுதியால் அந்த வளாகத்துக்கு நேரே செல்லாமல் திடலிலேயே காரை வட்டமிட்டுச் சுழற்றிப் புகை கிளப்பினார். உலகப் பட்டத்தையே வென்ற அந்த நாளிலும் அவருக்குக் கண்டிப்பும், அவர் அணிக்கு 25,000 யூரோ அபராதமும் கிடைத்தன. அந்த வளாகத்துக்கு அவ்வளவு மதிப்பு.

வளாகத்துக்குள் இருபது கார்கள் நிற்கின்றன. சோதனையாளர்களோ சிலர்தாம். பொழுதும் சாய்கிறது. எந்தக் காரைச் சோதிப்பது? எதை விடுவது? இந்தச் சிறு கேள்விக்குள் கணிதமும் பௌதிகமும் நியாய சாஸ்திரமும் பின்னிக் கிடக்கின்றன.

சோழவரத்து நாட்கள்

1953ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்துக்கு முதலில் சொந்தத் திடல் இருக்கவில்லை. செங்குன்றத்துக்கு அப்பால், கல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று பயனின்றிக் கிடந்தது. அதில் வைக்கோல் கட்டுகளையும் தகரப் பீப்பாய்களையும் அடுக்கி வளைவுகளை உண்டாக்கிப் பந்தயம் நடத்தினார்கள். 1980களின் இறுதி வரை அது நடந்தது. சோழவரம் பந்தய நாளில் வடசென்னையே அங்கே திரண்டது எனலாம்.

அங்கே ஓடிய வாகனங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் கோண்டல் சமஸ்தானத்து வாரிசும், 1980களின் தொடக்கத்தில் தொழிலதிபர் விஜய் மல்லையாவும் கொண்டுவந்த வெளிநாட்டுப் பந்தயக் கார்கள். மல்லையாவின் ‘என்சைன்’ கார் ஒரு காலத்தில் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய இனம். மறுபக்கம் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடரும் ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும். இறக்குமதிக்குத் தடை இருந்த காலம் அது. உள்ளூர் மெக்கானிக்குகளின் கைத்திறனே பந்தயத்தைத் தீர்மானித்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் லேத் வைத்திருந்த ஒருவர் என்னென்ன கடைந்து தர முடியும் என்பதை இந்தப் பகுதி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே பந்தயத்தில் பெரிய எஞ்சினும் சிறிய எஞ்சினும் ஓடினால் போட்டியில் பொருள் இல்லை. ஆகவே எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு கார்களைப் பிரிவுகளாக வகுப்பது உலக வழக்கம். இங்கேதான் சோதனையாளரின் தலைவலி தொடங்குகிறது.

ஒரு மில்லிமீட்டர்

பழைய ஃபியட் 1100 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பிற்காலத்துப் பிரீமியர் பத்மினியின் எஞ்சினும் இதுவே. நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் நீளம் 75 மி.மீ. உருளையின் கன அளவு காணும் சூத்திரம் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கே தெரியும். கணக்கிட்டால் ஒரு சிலிண்டருக்கு 272.4 கன சென்டிமீட்டர், நான்குக்கும் சேர்த்து 1,089 சி.சி.

ஒரு பிரிவின் வரம்பு 1,100 சி.சி. என்று வைத்துக்கொள்வோம். இந்த எஞ்சின் அதற்குள் அடங்குகிறது. ஆனால் பல்லாண்டு ஓடிய எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்துபோகும். மெக்கானிக் அதைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, ‘ஓவர்சைஸ்’ பிஸ்டன் போடுவார். வாடகைக் கார்களுக்கெல்லாம் நாள்தோறும் நடக்கும் வேலை இது, இதில் எந்தக் குற்றமும் இல்லை. முதல் ஓவர்சைஸ் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். இப்போது மீண்டும் கணக்கிடுங்கள். 1,106 சி.சி. வருகிறது. வரம்பு தாண்டிவிட்டது! அடுத்த ஓவர்சைஸில் விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடும். அப்போது 1,122 சி.சி. விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கன அளவு பெருகுவதால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் 33 சி.சி.யாக வளர்ந்து நிற்கிறது.

மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலாரின் ஊர் திருநின்றவூர். அந்தக் கோயில் வெளியே யார் கண்ணுக்கும் தெரியவில்லை. காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனுக்குச் சிவபெருமானே கனவில் வந்து சொல்ல வேண்டியதாயிற்று. எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு மில்லிமீட்டரைப் பற்றிச் சோதனையாளருக்குக் கனவில் வந்து சொல்வார் யாரும் இல்லை. அவர் எஞ்சின் தலையைக் கழற்றியாக வேண்டும். குளிர்விக்கும் நீரை வடித்து, குழாய்களையும் கம்பிகளையும் பிரித்து, போல்ட்டுகளை ஒழுங்கு முறைப்படி தளர்த்தி, உள்விட்டமானியை இறக்கி அளக்க வேண்டும். பிறகு புது கேஸ்கெட் வைத்து மூட வேண்டும். ஒரு காருக்கு அரை நாள் போய்விடும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றை அளந்து கொள்ளளவைக் கணிக்கும் கருவிகள் உண்டு. அவை சந்தேகத்தைக் கிளப்பப் போதும், தண்டனை கொடுக்க விட்டமானிதான் நம்பகமானது.

இருபது காருக்கும் இதைச் செய்யவா? இயலாது.

எதிராளியே காவலாளி

பந்தய உலகம் கண்டுபிடித்த முதல் வழி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் போட்டியாளர்களிடமே விட்டுவிடுவது. ‘அந்தக் காரின் எஞ்சின் மேல் எனக்கு ஐயம் உண்டு’ என்று ஒருவர் எழுத்து மூலம் முறையிடலாம். ஆனால் கட்டணம் கட்ட வேண்டும். எஞ்சினைப் பிரிக்க வேண்டுமானால் அதற்கான செலவையும் முன்பணமாக வைக்க வேண்டும். எஞ்சின் விதிக்குப் புறம்பானது என்று தெரிந்தால் பணம் திரும்பி வரும், குற்றவாளி தண்டனை பெறுவார். எஞ்சின் ஒழுங்காக இருந்தாலோ முறையிட்டவரின் பணம் போயிற்று. உலக மோட்டார் சம்மேளனமாகிய எஃப்.ஐ.ஏ.யின் விளையாட்டுச் சட்டத்தில் உள்ள முறை இது. அதைப் பின்பற்றும் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் சம்மேளனத்திலும் இதுவே வழக்கம்.

இதன் அழகு என்னவென்றால், யாருக்கு உண்மையான தகவல் இருக்கிறதோ அவர்தாம் பணம் வைக்கத் துணிவார். நேர்பாதையில் தன்னை ஒருவன் எப்படித் தாண்டிச் சென்றான் என்பதை மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரியைவிட, தோற்ற ஓட்டுநரே நன்றாக அறிவார். குறையும் உண்டு. வசதியில்லாத போட்டியாளர் வாய்மூடி இருக்க நேரும். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் ஏமாற்றும் பிரிவில் யாரும் யார் மேலும் புகார் சொல்ல மாட்டார்கள்!

அமெரிக்காவின் சிறு நகரத் திடல்களில் இதைவிட வேடிக்கையான விதி ஒன்று உண்டு. வென்றவரின் எஞ்சினை, தோற்றவர் முன்பே குறித்த விலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், வென்றவர் மறுக்கக் கூடாது. ஆயிரம் டாலர் என்று விலை குறித்த இடத்தில் ஐயாயிரம் டாலர் செலவழித்து எஞ்சின் செய்ய யாருக்கு மனம் வரும்? சோதனையே தேவையில்லை. நம் நாட்டு வருமான வரிச் சட்டத்திலும் இதன் உறவினர் ஒருவர் வாழ்ந்தார். பெருநகரங்களில் சொத்தை மிகக் குறைந்த விலைக்கு விற்றதாகக் கணக்குக் காட்டினால், அந்த விலைக்கே அரசு அதை வாங்கிக்கொள்ளலாம் என்ற விதி 1986 முதல் 2002 வரை நடைமுறையில் இருந்தது.

வென்றவரையே சோதிப்பது

இரண்டாவது வழி பழையது, எளியது. முதலில் வந்தவரைக் கட்டாயம் சோதி. அமெரிக்காவில் ‘நாஸ்கார்’ அமைப்பு 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில், மாற்றப்படாத கார்களுக்கென்றே நடத்திய முதல் பந்தயத்திலேயே இது நடந்தது. கடையில் வாங்கிய காரை மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்பது விதி. கிளென் டன்னவே என்பவர் முதலாவதாக வந்தார். சோதித்தபோது பின்பக்க வில்கள் மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. கள்ளச் சாராயம் கடத்திய கார் அது. சுமை ஏற்றினாலும் பின்புறம் தாழாமல் இருப்பதற்காகவும், காவலர் துரத்தும்போது வளைவில் சாயாமல் இருப்பதற்காகவும் செய்த வேலை. வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போயிற்று. காரின் சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தார், நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒழுங்கை நிலைநாட்டும் உரிமை அமைப்பாளர்களுக்கு உண்டு என்பது அங்கே உறுதியாயிற்று.

ஆனால் வென்றவரை மட்டுமே சோதிப்போம் என்று அறிவித்தால் என்ன ஆகும்? வெல்லும் நோக்கம் இல்லாமல் ஆறாம் இடத்தைப் பிடித்து நான்கு புள்ளி சேர்க்க விரும்புகிறவனுக்கு முழு விடுதலை கிடைத்துவிடும். ஆகவே வென்றவரோடு, எதிர்பாராத வேறு சிலரையும் எடுக்க வேண்டியதாகிறது.

சோதனையின் விலை

இன்றைய ஃபார்முலா ஒன்று பந்தயத்தைப் பார்த்தால் ஒரு பொதுவான ஒழுங்கு புலப்படுகிறது. எளிதில் முடியும் சோதனையை எல்லாருக்கும் செய்கிறார்கள், நேரம் பிடிக்கும் சோதனையைச் சிலருக்குச் செய்கிறார்கள், காரைக் குடல் வரை பிரிக்கும் சோதனையைக் குலுக்கலில் விழும் ஒரே ஒருவருக்குச் செய்கிறார்கள்.

எடை பார்ப்பது எளிது. பந்தயம் முடித்த கார்கள் எல்லாம் தராசில் ஏறும். 2024 ஜூலை 28 அன்று பெல்ஜியம் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் தம் அணித் தோழர் லூயிஸ் ஹாமில்டனை அரை நொடி வித்தியாசத்தில் வென்றார். எரிபொருளை வடித்து மறுபடி நிறுத்தபோது கார் 796.5 கிலோ இருந்தது. குறைந்த அளவு 798 கிலோ. ஒன்றரைக் கிலோ குறைவு, வெற்றி பறிபோயிற்று. ஒன்றரைக் கிலோ என்ன பெரிய எடை என்று கேட்பீர்கள். பத்துக் கிலோ குறைந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 நொடி மிச்சம் என்பது பந்தயப் பொறியாளர்களின் கைக்கணக்கு. அப்படியானால் ஒன்றரைக் கிலோவுக்கு 0.045 நொடி. 44 சுற்றுகளுக்கு இரண்டு நொடி! ரஸ்ஸல் டயர்களை ஒரே முறை மாற்றி நெடுந்தூரம் ஓட்டியதால் ரப்பர் தேய்ந்து எடை குறைந்திருக்கலாம் என்று பின்னர் பேசப்பட்டது. அது உண்மையானால் தொடக்கத்திலிருந்தே அந்த இரண்டு நொடியும் அவருக்குக் கிடைத்திருக்காது. தராசு அதையெல்லாம் கேட்பதில்லை.

எடையை ஏமாற்றிய வரலாறும் உண்டு. 1980களில் ‘பிரேக்கைக் குளிர்விக்கும் நீர்’ என்று சொல்லித் தொட்டி நிறைய நீரோடு கார்கள் புறப்படும். சில சுற்றுகளில் நீரை வெளியேற்றிவிட்டு இலேசாக ஓடும். திரவங்களை மீண்டும் நிரப்பிய பிறகே எடை பார்க்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தித் தராசில் ஏறும்போது தொட்டி மறுபடி நிறைந்துவிடும். 1982 பிரேசில் பந்தயத்தில் முதல் இரண்டு இடம் பெற்ற பிக்கேவும் ரோஸ்பர்கும் இதற்காக நீக்கப்பட்டனர். 1984இல் டிரல் அணி நீரோடு ஈயக் குண்டுகளையும் சேர்த்து நிரப்பியது வெளிப்பட்டு, அவ்வாண்டுப் போட்டி முழுவதிலிருந்தும் நீக்கப்பட்டது. பந்தயம் முடிந்தபின் செய்யும் சோதனை போதாது என்பது தெளிவாயிற்று. தகுதிச் சுற்றின் நடுவில் காரை நிறுத்தி எடை பார்க்கும் வழக்கம் இத்தகைய தந்திரங்களுக்கு மறுமருந்து. திடலிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எந்தக் காருக்கு எரியும் என்று முன்கூட்டித் தெரியாது. எரிந்தால் தராசுக்குப் போயே ஆக வேண்டும். 2018இல் பிரேசிலில் மழை வருமோ என்ற அவசரத்தில் இருந்த வெட்டல், எஞ்சினை அணைக்காமல் தராசில் ஏறி, ஓட்டிக்கொண்டே இறங்கித் தராசையே உடைத்துவிட்டார். மறுபடியும் 25,000 யூரோ! மறு ஆண்டு பாக்கூ நகரில் பயிற்சியின்போது விளக்கைக் கவனியாமல் போன பியர் காஸ்லி, பந்தயத்தை எல்லாருக்கும் பின்னால் தொடங்க நேர்ந்தது.

குடவோலையும் நிகழ்தகவும்

முன்கூட்டித் தெரியாமை. இதில்தான் எல்லாம் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஓலைகளைக் குடத்திலிட்டு, உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள், அதுவும் சபையின் நடுவே. சிறுவனின் அறியாமையே அந்த முறையின் அறிவு. வயது முதிர்ந்த பெரியவர் எடுத்திருந்தால் அவரிடம் முதல் நாளே போய்ப் பேசியிருப்பார்கள் அல்லவா?

நம் ஊர்ப் புறநகர் ரயிலை எண்ணிக்கொள்ளுங்கள். சீட்டு பத்து ரூபாய். சீட்டின்றிப் பிடிபட்டால் அபராதம் 250 ரூபாயும் சீட்டுப் பணமும். ஆக 260. இருபத்தாறு பயணத்தில் ஒரு முறை பரிசோதகர் வந்தாலே, காசுக் கணக்குப் போடும் ஏமாற்றுக்காரனுக்கு இலாபமும் இல்லை நட்டமும் இல்லை. அதற்கு மேல் வந்தால் நட்டந்தான். எல்லாப் பயணிகளையும் எல்லா நாளும் சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் பரிசோதகர் திங்கட்கிழமை மட்டுமே வருவார் என்று தெரிந்துவிட்டால் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

கணிதத்தில் இதற்குச் ‘சோதனை விளையாட்டு’ என்று பெயர். இது பிறந்த இடம் பந்தயத் திடல் அன்று. அணுகுண்டு. ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளும் நாடு, இரகசியமாகக் குண்டு வெடித்துச் சோதித்தால்? குறிப்பிட்ட சில முறைதான் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால், அந்த முறைகளை எப்போது செலவழிப்பது? அமெரிக்காவின் ராண்டு நிறுவனத்தில் இருந்த மெல்வின் டிரஷர் 1962இல் இதைக் கணக்காக்கினார். சோதிப்பவனும் ஏமாற்றுபவனும் தத்தம் செயலை நிகழ்தகவோடு கலந்தே செய்வார்கள் என்பது விடை.

இப்போது நம் இருபது கார்களுக்கு வருவோம். நான்கைக் குலுக்கலில் எடுத்துச் சோதிக்கிறோம். இரண்டு கார்கள் விதி மீறியவை. இரண்டுமே தப்பும் நிகழ்தகவு என்ன? முதல் கார் தப்ப 20இல் 16 வாய்ப்பு, அது தப்பிய பின் இரண்டாவது தப்ப 19இல் 15. பெருக்கினால் 0.63. பாதிக்கு மேற்பட்ட பந்தயங்களில் இரு திருடர்களும் சிரித்துக்கொண்டே வீடு போவார்கள்!

ஆனால் பந்தயம் ஒரு நாளோடு முடிவதில்லை. 2023இல் ஃபார்முலா ஒன்றில் 22 பந்தயங்கள் நடந்தன. ஒவ்வொன்றிலும் பிடிபடாதிருக்கும் வாய்ப்பு ஐந்தில் நான்கு என்றால், 22 பந்தயத்திலும் தொடர்ந்து தப்பும் வாய்ப்பு ஐந்தில் நான்கை 22 முறை பெருக்கியது. அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, 0.7 விழுக்காடு. நீண்ட தொடரில் சிறு சோதனையே பெருங்காவல். இதையே ஐந்து சுற்றுகள் கொண்ட ஒரு சிறு தொடருக்குப் போட்டுப் பாருங்கள். 0.33 வருகிறது. மூன்றில் ஒருவன் ஆண்டு முழுவதும் தப்பிவிடுவான். நம் நாட்டைப் போன்று குறைந்த பந்தயங்கள் நடக்கும் இடங்களில் குலுக்கல் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுமா?

ஆகவேதான் இங்கே வேறு பாதை பிடித்தார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் 1988இல் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்னும் மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே வகைக் கார், ஒரே எஞ்சின். அதன் வழியில் எல்.ஜி.பி. போன்ற தொடர்களும் வந்தன. ஒரே வகைக் கார் ஓடும் தொடர்களில் எஞ்சினைப் பூட்டி, போல்ட் தலைகளில் துளையிட்டு, கம்பி கோத்து ஈய முத்திரை அடித்துவிட முடியும். மளிகைக் கடைத் தராசில் எடையளவு அதிகாரி முத்திரை வைப்பது போலத்தான். சோதனையாளர் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அரை நாள் வேலை அரை நிமிடமாகச் சுருங்குகிறது. சோதனையின் விலை குறைந்ததும், எல்லாரையும் சோதிப்பது மீண்டும் இயல்வதாகிறது. என் கருத்தில், நம் நாட்டுப் பந்தய வரலாற்றில் கரிவரதன் செய்த மிகப் பெரிய உதவி வேகத்தைச் சார்ந்ததன்று, நியாயத்தைச் சார்ந்தது.

நான்கில் இரண்டு

2023 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்ததை இனிப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு பௌதிகக் குறிப்பு. காரின் அடித்தளம் தரையை எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவு விரைவாக இடையில் காற்று பாயும். விரைவு கூடினால் அழுத்தம் குறையும். இது பெர்னூலி தத்துவம். கார் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு வளைவுகளில் பற்றிக்கொள்ளும். ஆனால் ஒரு மேட்டில் அடித்தளம் தட்டி அந்த இழுவிசை திடீரென்று அறுந்தால் காரைத் தடுத்து நிறுத்த முடியாது. 1994இல் இமோலாவில் ராட்சன்பர்கரும் சென்னாவும் அடுத்தடுத்த நாட்களில் உயிரிழந்தபின், அவ்வாண்டே காரின் அடியில் 10 மி.மீ. கனமுள்ள பலகை ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று விதித்தார்கள். பந்தயம் முடியும்போது அது 9 மி.மீ.க்குக் குறையக் கூடாது. காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் பலகை தேய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். அதே ஆண்டு பெல்ஜியத்தில் வென்ற ஷூமாக்கர் இதனால் நீக்கப்பட்டார்.

பலகையை அளக்கக் காரைத் தூக்கி, அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே சில கார்களே எடுக்கப்படும். ஆஸ்டினில் நான்கு எடுத்தார்கள். வெர்ஸ்டாப்பன், நாரிஸ் ஆகியோரின் கார்கள் தேறின. இரண்டாவதாக வந்த ஹாமில்டன், ஆறாவதாக வந்த லெக்லேர் ஆகியோரின் கார்கள் தேறவில்லை. இருவரும் நீக்கப்பட்டனர்.

நான்கில் இரண்டு! உலகெங்கும் கேள்வி எழுந்தது. அந்த இருவரின் அணித் தோழர்களான ரஸ்ஸலும் சைன்ஸும் ஓட்டிய கார்கள் அளக்கப்படவில்லை. நான்காவதாக வந்த சைன்ஸ் மூன்றாம் இடத்துக்கு உயர்ந்தார். அவர் கார் தேறியிருக்கலாம், தேறாமலும் இருந்திருக்கலாம். நேரம் போதாது, கார்களைப் பிரித்து அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும், எல்லாவற்றையும் எல்லா நாளும் சோதிக்க இயலாது என்பது அதிகாரிகள் தரப்பு. அது பொய்யன்று. மாதிரிச் சோதனையின் நோக்கம் எல்லாக் குற்றவாளிகளையும் பிடிப்பது அன்று, எல்லாருக்கும் அச்சத்தை உண்டாக்குவது என்பதும் சரியே.

ஆயினும் இவ்விடத்தில் அதிகாரிகளோடு என்னால் உடன்பட முடியவில்லை. 1920களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹாரல்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் தொழிற்சாலைகளுக்கான மாதிரிச் சோதனை அட்டவணைகளை வகுத்தார்கள். அவர்களோடு பணிபுரிந்த ஷூவார்ட், மகலனோபிஸின் அழைப்பில் 1947–48இல் இந்தியாவுக்கு வந்து இந்தக் கலையைப் பரப்பினார். இன்று அம்பத்தூரிலோ ஆவடியிலோ உதிரி பாகம் செய்யும் எந்தச் சிறு பட்டறைக்கும் இது பழக்கமான பாடம். ஒரு பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்துப் பார். தேறினால் பெட்டியை ஏற்றுக்கொள். தேறாவிட்டால் பெட்டி முழுவதையும் ஒன்று விடாமல் சோதி. மாதிரி என்பது தண்டிக்க வேண்டியவரைப் பொறுக்கும் கருவி மட்டுமன்று, கூட்டத்தின் நிலையைச் சொல்லும் சாட்சியும் ஆகும். நான்கில் இரண்டு தவறினால் சாட்சி உரக்கக் கூவுகிறது என்று பொருள். ஒரு மாதிரி தவறினால் அதே அணியின் மற்றக் காரையேனும் உடனே அளக்க வேண்டும் என்று விதி எழுத மேலும் ஒரு மணி நேரந்தான் ஆகியிருக்கும்.

பிடிபட்டவருக்கு அநியாயம் ஏதும் இல்லை. அவர் கார் மீறியது மீறியதுதான். அநியாயம், ஒழுங்காக ஓட்டி எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்த ஒருவனுக்கு. அவனுக்கு முன்னால் அளக்கப்படாத கார்கள் எத்தனை மீறியவை என்பதை அவன் இனி ஒருபோதும் அறிய முடியாது.

அளக்கும்போது மட்டும் ஒழுங்கு

சரியான காரைத் தேர்ந்தெடுத்தாலும் சோதனை தோற்கக்கூடும் என்பதற்கு 1995ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடந்த காட்டலோனியா ராலி சாட்சி. எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் குறைக்க 34 மி.மீ. விட்டமுள்ள ஒரு வளையம் கட்டாயமாக இருந்தது. டொயோட்டா அணியின் காரில் அந்த வளையத்தைச் சுற்றிக் காற்று கள்ளத்தனமாக நுழைய ஓர் இடைவெளி இருந்தது. காற்றுக் குழாயை மாட்டி இறுக்கும்போது உள்ளிருக்கும் வில்கள் அமுங்கி இடைவெளி திறக்கும். சோதனையாளர் அளப்பதற்காகக் குழாயைக் கழற்றினால் வில்கள் விரிந்து இடைவெளி மூடிக்கொள்ளும். அளக்கும் செயலே பொருளை ஒழுங்குபடுத்திவிடுகிறது! நுண்துகள் பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு, அளவீடு அளக்கப்படுவதைப் பாதிக்கிறது என்று நாம் சொல்வோமே, அதைக் குறும்பு வடிவில் எஃகில் வடித்திருந்தார்கள். அணி ஓராண்டுக்குத் தடை செய்யப்பட்டது. அதன் நுட்பத்தை அப்போதைய எஃப்.ஐ.ஏ. தலைவர் மாக்ஸ் மோஸ்லியே வியந்து பேசினார்.

இதன் விளைவாக, நின்றுகொண்டிருக்கும் காரை மட்டும் பார்த்தால் போதாது என்னும் எண்ணம் வலுத்தது. இன்று ஓடும்போதே அழுத்தத்தையும் எரிபொருள் ஓட்டத்தையும் குறித்துக்கொள்ளும் உணர்கருவிகள் காருக்குள் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் ஃபார்முலா ஒன்றில் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும், முதல் பத்து இடங்களில் வந்த கார்களில் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து, அதன் சில பாகங்களைப் பிரித்து ஆழ்ந்து ஆராய்கிறார்கள். உத்திரமேரூர்ச் சபையைப் போல எல்லாரும் பார்க்க நடுவில் குடம் வைத்து எடுக்காததுதான் குறை.

பலகைச் சோதனையும் நிற்கவில்லை. 2025 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் இரண்டாவதாக வந்த நாரிஸ், நான்காவதாக வந்த பியாஸ்திரி ஆகிய இருவரும் நீக்கப்பட்டனர். இருவரும் மெக்லாரன் அணியினர். இம்முறை ஓர் அணியின் இரு கார்களும் அளக்கப்பட்டன. இரண்டிலும் பலகையின் கனம் 9 மி.மீ.க்குச் சற்றே குறைவாக இருந்தது. ஓரிரண்டு தாளின் கனம்.